கடலுக்கும் மலைக்கும் நடுவே: ஹாங்காங்கில் ஒரு நாள்

ஹாங்காங்கில் இறங்கும் தமிழ்ப் பயணிகளில் பலருக்கு அந்த ஊருக்கென்று கிடைப்பது ஒரு பகலும் பாதி இரவும்தான். ஜப்பானுக்கோ அமெரிக்காவுக்கோ போகிற வழியில் விமானம் மாறும் இடைவேளை. இல்லையென்றால் சரக்கு பார்க்கச் சீனா போய்விட்டுத் திரும்பும்போது மிஞ்சிய கடைசி நாள். அந்த ஒரு நாளுக்கும் பயண ஏற்பாட்டாளர்கள் டிஸ்னிலேண்ட், பெரிய புத்தர், மெழுகுச் சிலைகள் என்று ஒரு பட்டியலை நீட்டுவார்கள். அதன்படி போனால் வேனிலும் வரிசையிலுமே பொழுது போய்விடும். ஊர் கண்ணில் படாது.

இந்த அத்தியாயம் சொல்லும் நாளில் நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் இடம் ஒன்றுகூடக் கிடையாது. ஊர்க்காரர்கள் வேலைக்குப் போக வர ஏறும் மாடி பஸ், டிராம், நகரும் படிக்கட்டு, படகு இவைதான் நமக்கும் வண்டி. பார்க்க வேண்டியவையும் இவைதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள். ஹாங்காங் தீவில் சமதரை என்பதே அபூர்வம். மலை நேராகக் கடலில் இறங்குகிற இடம் அது. 1841-இல் பிரிட்டிஷார் அங்கே கொடி ஏற்றியபோது கரையோரம் ஒரு தெரு போடும் அளவுக்குத்தான் இடம் இருந்தது. பிறகு வளர்ந்த ஊர் ஒன்று கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் எழுந்தது, இல்லையென்றால் மலைச்சரிவைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியது. கவுலூனையும் புறநிலப் பகுதிகளையும் சேர்த்து மொத்தப் பரப்பு சுமார் 1,100 சதுர கிலோமீட்டர். அதில் கட்டடம் எழுந்த நிலம் கால் பங்குதான். ஏறத்தாழ 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட காடும் மலையும். அந்தக் கால் பங்கில் 75 லட்சம் பேர் குடியிருக்கிறார்கள். காலை முதல் இரவு வரை நீங்கள் பார்க்கப்போவது இந்த நெருக்கடிக்கு ஊர் கண்டுபிடித்த வழிகளை.

கிளம்பும் முன்

இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஹாங்காங் செல்ல விசா வேண்டாம். ஆனால் வருகைக்கு முந்தைய பதிவு ஒன்று உண்டு. 2017 ஜனவரி முதல் கட்டாயம். ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. முடிவு பெரும்பாலும் அப்போதே வந்துவிடும். ஆறு மாதத்துக்குச் செல்லும். ஒவ்வொரு முறையும் 14 நாள் வரை தங்கலாம். நம்மவர்கள் இடறுவது பெயரில்தான். அப்பா பெயர் எங்கே, தன் பெயர் எங்கே, முன்னெழுத்தை விரித்து எழுதுவதா என்று யோசித்து மாற்றிப் போடாதீர்கள். பாஸ்போர்ட்டில் எந்தக் கட்டத்தில் எது அச்சாகியிருக்கிறதோ அதை அப்படியே போடுங்கள். ஒப்புதல் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் விமானம் ஏறும் முன்பே அதைக் கேட்பார்கள். விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் விமானம் மாறுபவர்களுக்கு இது தேவையில்லை. மற்ற நாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு விதி வேறு, தனியே பார்த்துக்கொள்ளவும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானம் தெளிவாக இருக்கும், வியர்க்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை சென்னை வெயிலும் கொச்சி மழையும் ஒன்றாக இருக்கும். புயல் காலமும் அதுதான். வானிலை ஆய்வகம் எட்டாம் எண் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் கடைகள் அடைபடும், படகும் டிராமும் நின்றுவிடும். அன்றைக்கு வெளியே போகும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள்.

சுவரில் இருப்பது சதுர முனை கொண்ட பிரிட்டிஷ் மூன்று துளை பிளக். நம் ஊர் பின் நுழையாது. மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும். ஒரு ஹாங்காங் டாலர் பதினோரு ரூபாய்க்கு முன்பின் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் செருப்பு. இந்த நாளில் ஏற்றமும் படிகளும் நிறைய. வழுக்காத, பழகிய ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

விமான நிலையத்திலிருந்து

பெட்டிகளை விமான நிலையத்தின் சாமான் காப்பகத்தில் போட்டுவிட்டு முதலில் ஓர் ஆக்டோபஸ் கார்டு வாங்குங்கள். 1997-இல் வந்தது, ரயில், பஸ், டிராம், படகு, தெருமுனைக் கடை, டீக்கடை எல்லாவற்றுக்கும் இது ஒன்றே போதும். பஸ்ஸில் பணமாகக் கொடுத்தால் மீதிச் சில்லறை தரமாட்டார்கள் என்பதால் கார்டு இல்லாமல் ஏறுவது தொல்லை.

நகருக்குள் போக விமான நிலைய விரைவு ரயில் 24 நிமிடம்தான். இருந்தாலும் போகும்போது ரயில் வேண்டாம். ஏ11 என்ற மாடி பஸ்ஸில் ஏறி மேல்தட்டில் முன் இருக்கையைப் பிடியுங்கள். கட்டணம் ரயிலைவிட மிகக் குறைவு, நேரம் ஒரு மணிக்கு முன்பின் ஆகும். நீங்கள் இறங்கிய விமான நிலையமே கடலைத் தூர்த்த நிலம். ஒரு சிறு தீவைத் தரைமட்டமாக்கி, சுற்றிலும் கல்லும் மண்ணும் கொட்டி 1998-இல் திறந்தார்கள். அங்கிருந்து பஸ் சிங் மா பாலத்தில் ஏறும்போது பேச்சை நிறுத்திவிட்டு வெளியே பாருங்கள். இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1,377 மீட்டர் தொங்குகிற பாலம் அது. அடியில் சரக்குக் கப்பல் போகும், பாலத்தின் கீழ்த்தட்டில் ரயில் ஓடும். அதைத் தாண்டினால் மலையடிவாரங்களில் நாற்பது மாடிக் குடியிருப்புகள் வரிசை வரிசையாக வர ஆரம்பிக்கும். கடைசியில் கடலுக்கு அடியில் சுரங்கத்தில் புகுந்து பஸ் தீவில் எழும்.

ஷுங் வான்: காலைப் பொழுது

ஷுங் வானில் இறங்கியதும் முதலில் வாசம் வரும். இங்கிருந்து மேற்கே போகும் தெருக்களில் வரிசையாக உலர்மீன், சிப்பி, காளான், மருந்து வேர்க் கடைகள். கருவாடு பிடிக்காதவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிவிடலாம். எனக்கு அது ஊரின் பழைய தொழில் இன்னும் உயிரோடு இருப்பதற்கான அடையாளம். கால் மணி நேரம் நின்றுவிட்டுத்தான் போவேன்.

காலை உணவுக்குச் சா சான் தெங் என்று சொல்லப்படும் டீக்கடைகளில் ஒன்றுக்குள் நுழையுங்கள். எந்தத் தெருவிலும் இருக்கும். நான்கு பேர் மேசையில் ஓரிடம் காலியாக இருந்தால் அங்கே உங்களை உட்காரவைப்பார்கள். எதிரே இருப்பவர் நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார், நீங்களும் பார்க்க வேண்டாம். இங்கே குடிக்க வேண்டியது பால் டீ. இலங்கைத் தேயிலைத் தூள் பலவற்றைக் கலந்து, நீண்ட துணிப்பையில் போட்டு, ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குத் திரும்பத் திரும்ப வடிப்பார்கள். நாள்படப் பை பழுப்பேறிக் காலுறை மாதிரி ஆகிவிடும். பெயரே காலுறை டீதான். பிறகு டின்னில் வரும் கெட்டிப் பாலை ஊற்றுவார்கள். கசப்பும் கனமும் உள்ள டீ. சர்க்கரையை நீங்களே போட்டுக்கொள்ள வேண்டும். டீ குடித்து வளர்ந்த நமக்கு இதை மதிக்கத் தெரியும். கூட அன்னாசி பன் என்று ஒன்று கிடைக்கும். அதில் அன்னாசி கிடையாது, மேல் ஓட்டின் வெடிப்பைப் பார்த்து வைத்த பெயர். சில கடைகளில் அந்த ஓட்டில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. சைவர்களும் முஸ்லிம் நண்பர்களும் வெண்ணெய் டோஸ்ட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பில்லை மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். வெளியே போகும்போது வாசல் கல்லாவில் கட்ட வேண்டும்.

அங்கிருந்து ஏணித் தெரு என்ற கருங்கல் படிக்கட்டில் ஏறினால் ஹாலிவுட் ரோடில் மான் மோ கோயில். 1847-இல் சீன வணிகர்கள் கட்டியது. உள்ளே இரண்டு தெய்வங்கள்: கல்விக்கும் அரசுத் தேர்வுக்கும் அதிபதியான மான், கையில் எழுதுகோலோடு, போருக்கும் நேர்மைக்கும் அதிபதியான மோ, கையில் வாளோடு. நீதிமன்றத்தில் நம்பிக்கை இல்லாத அந்தக் காலத்தில் சீனர்கள் தங்களுக்குள் வழக்குகளை இந்தக் கோயில் சன்னிதியில் சத்தியம் செய்து தீர்த்துக்கொண்டார்கள். உள்ளே போனதும் தலைக்கு மேலே பாருங்கள். ஊதுவத்திச் சுருள்கள், ஆள் உயரத்துக்குக் கூம்பாகத் தொங்கும். ஒவ்வொன்றிலும் சிவப்புத் தாளில் நேர்ந்துகொண்டவர் பெயர். மெல்ல எரிந்துகொண்டே இருக்கும், நாள்கணக்கில். கூரைச் சாளரத்தில் விழும் ஒளிக்கற்றையில் புகை நகர்வது தெரியும். சாம்பல் உங்கள் தோளிலும் விழும். தட்டிவிட்டு நின்ற இடத்திலேயே கொஞ்ச நேரம் நில்லுங்கள். கும்பிடுகிறவர்கள் முகத்துக்கு நேராகக் கைப்பேசியை நீட்ட வேண்டாம்.

ஹாலிவுட் ரோடிலேயே கிழக்கே பத்துப் பதினைந்து நிமிட நடையில் தாய் க்வுன். பழைய மத்திய போலீஸ் நிலையம், நீதிமன்றம், விக்டோரியா சிறை மூன்றும் சேர்ந்த வளாகம்; பழுது பார்த்து 2018-இல் கலைக்கூடமாகத் திறந்தார்கள். நுழைவு இலவசம். வியட்நாமின் ஹோ சி மின் 1931-இல் இந்தச் சிறையில்தான் அடைபட்டிருந்தார். பிரிட்டிஷார் பஞ்சாபிலிருந்து சீக்கியர்களைக் கொண்டுவந்து போலீஸில் சேர்த்த கதையும் இந்த முற்றத்தைச் சேர்ந்ததுதான். சிறை அறை ஒன்றுக்குள் போய் இரண்டு கையையும் விரித்துப் பாருங்கள், அளவு புரியும்.

வளாகத்தை ஒட்டியே நகரும் படிக்கட்டு போகிறது. மலைச்சரிவில் குடியிருப்பவர்கள் கீழே அலுவலகத்துக்கு வர 1993-இல் அமைத்தது. ஒன்றன்பின் ஒன்றாகப் படிக்கட்டுகளும் நகரும் நடைபாதைகளும் சேர்ந்து 800 மீட்டர். ஏற்றம் மட்டும் 135 மீட்டர். காலை 6 முதல் 10 வரை கீழ்நோக்கி ஓடும், அதற்குப் பிறகு நள்ளிரவு வரை மேல்நோக்கி. அதனால்தான் இங்கே பத்து மணிக்குப் பிறகு வரச் சொல்கிறேன். கட்டணம் இல்லை, கூரை உண்டு. முதல் மாடி ஜன்னல்களின் உயரத்தில் போவதால் சலூன், தையற்கடை, ஒருவர் நூடுல்ஸ் சாப்பிடுவது எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் கடந்துபோகும். கால் மணி நேரம் ஏறியது போதும். திரும்பும்போது பக்கத்துப் படிகளில் இறங்கி, கிரஹாம் தெருக் காய்கறிச் சந்தை வழியாகக் கீழே வாருங்கள்.

நடுவில் குறுக்கிடும் குவீன்ஸ் ரோடைக் கவனியுங்கள். 1840-களில் கடற்கரை இதுதான். இன்றைய கடலுக்கு இங்கிருந்து இன்னும் பல நூறு மீட்டர் போக வேண்டும். அவ்வளவும் தூர்த்த நிலம்.

டிராம்: இந்த நாளின் சிறந்த ஒரு மணி நேரம்

நேரம் குறைவு, ஏதாவது ஒன்றை விட வேண்டும் என்றால் மலையை விட்டுவிடுங்கள், டிராமை விடாதீர்கள். 1904 முதல் தீவின் வடகரையில் ஓடுகிறது. எல்லா வண்டிகளும் மாடி வண்டிகள். மணியோசையை வைத்து ஊர்க்காரர்கள் டிங் டிங் என்பார்கள். எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் ஒரே கட்டணம், மூன்று டாலர் சொச்சம். இந்த ஊரில் இதைவிட மலிவாகக் கிடைப்பது அதிகம் இல்லை. பின்பக்கம் ஏற வேண்டும், முன்பக்கம் இறங்க வேண்டும், இறங்கும்போதுதான் கார்டைத் தொட வேண்டும். பழைய வண்டிகளில் குளிர்சாதனம் இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டால் காற்று போதும்.

1906-இல் கட்டிய செங்கல் கட்டடமான வெஸ்டர்ன் மார்க்கெட் பக்கத்தில், நெற்றியில் நார்த் பாயிண்ட் என்று போட்டிருக்கும் வண்டிக்குக் காத்திருங்கள். ஷாவ் கெய் வான் என்று போட்டது வேண்டாம். காரணம் பிறகு சொல்கிறேன். ஏறி மேல்தட்டில் முன்னாலோ கடைசியிலோ உட்காருங்கள்.

சென்ட்ரலில் வங்கிகள், அட்மிரால்டியில் கண்ணாடிக் கோபுரங்கள், பிறகு வான் சாயில் ஜான்ஸ்டன் ரோடு. அந்தத் தெரு வளைந்து வளைந்து போகும். வண்டி பழைய கடற்கரையின் வளைவைப் பிடித்துக்கொண்டு போகிறது. 1904-இல் இந்த வண்டியில் உட்கார்ந்தவர்களுக்கு ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் கடல். 1920-களில் இந்தக் கரையைத் தூர்த்து வெளியே தள்ளிவிட்டார்கள். தண்டவாளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இடப்பக்கம் எழும் கட்டடங்கள் எல்லாவற்றையும் மனதால் அழித்துவிட்டு அங்கே அலையை வைத்துப் பாருங்கள். இந்த ஊரின் வரலாற்றை இதைவிடச் சுலபமாகப் புரிந்துகொள்ள எனக்கு வேறு வழி தெரியாது.

காஸ்வே பேயின் கூட்டத்தைத் தாண்டி நார்த் பாயிண்ட் வந்ததும் வண்டி பெருந்தெருவை விட்டு சுன் யூங் தெரு என்ற சந்தைத் தெருவுக்குள் திரும்பும். ஷாவ் கெய் வான் வண்டி இங்கே வராது. தெருவின் இரண்டு பக்கமும் கடைகள், கடைகளுக்கு வெளியே தட்டுகள், தட்டுகளுக்கு வெளியே ஆட்கள், நடுவில் தண்டவாளம். தண்டவாளத்தின் மேலேயே கைவண்டி நிற்கும், ஒரு பாட்டி கீரைக் கட்டைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார். ஓட்டுநர் மணியை இரண்டு தட்டுத் தட்டுவார். பாட்டி அவசரப்படாமல் அரை அடி நகர்வார். வண்டி நடை வேகத்தில் ஊர்ந்து, தொட்டியில் துள்ளும் மீனுக்கும் தொங்கும் சிவப்பு விளக்குக்கும் நடுவே உரசாமல் போகும். கடந்ததும் கைவண்டி பழைய இடத்துக்கு வந்துவிடும். யாரும் கத்துவதில்லை, யாரும் ஹாரன் அடிப்பதில்லை. கடைசி நிறுத்தத்தில் இறங்கி அதே சந்தைக்குள் நடந்து திரும்புங்கள். ஃபூஜியன் மாநிலத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் நிறைந்த பகுதி இது. ஃபூஜியன் பலகாரங்கள், உலர்பொருள்கள் இங்கே நிறைய.

மதிய உணவு, சைவர்களுக்கு ஒரு வார்த்தை

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு இந்த ஊரில் சோதனையே இல்லை. டிம் சம் கடைக்குப் போய், தேநீரால் கிண்ணத்தைக் கழுவிக்கொள்ளும் வழக்கத்தை மற்றவர்களைப் பார்த்துச் செய்து, இறால் கொழுக்கட்டையில் தொடங்கலாம்.

சைவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். காய்கறி என்று கேட்டால் காய்கறி வரும், ஆனால் சிப்பிச் சாறு ஊற்றி வரும். காய்கறி சூப் என்றாலும் எலும்பு கொதித்த நீராக இருக்கும். மரக்கறி உணவை இங்கே புத்த சமய விரதமாகத்தான் புரிந்துகொள்வார்கள். எனவே ‘ஙோ சிக் சாய்’, அதாவது நான் விரத உணவு சாப்பிடுகிறவன் என்று சொல்லுங்கள். உச்சரிப்பு சரியாக வராமல் போகலாம் என்பதால் சீன எழுத்தில் அதைக் கைப்பேசியில் சேமித்துக் காட்டுங்கள். விரத உணவகங்கள் நகரெங்கும் உண்டு. அங்கே வெங்காயம், பூண்டுகூடப் பெரும்பாலும் சேராது. மீன், வாத்து என்று பட்டியலில் இருந்தாலும் எல்லாம் சோயாவிலும் காளானிலும் செய்தவை. முட்டை, பால் பற்றித் தனியே கேட்டுக்கொள்ளுங்கள்.

சாப்பிட்டதும் நார்த் பாயிண்டில் மெட்ரோ பிடித்தால் கால் மணி நேரத்தில் சென்ட்ரல். ரயிலுக்குள் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்பது விதி.

மலை

மலை உச்சிக்கு 1888 முதல் கயிற்றில் இழுபடும் பீக் டிராம் ஓடுகிறது. பிரபலம், அதனால் மேலே போகும் வரிசை சில நாள்களில் ஒரு மணி நேரத்தைத் தாண்டும். சென்ட்ரல் படகுத்துறைப் பக்கமிருந்து கிளம்பும் 15-ஆம் எண் மாடி பஸ்ஸில் ஏறுங்கள். மறுபடியும் சொல்கிறேன், மேல்தட்டில் முன் இருக்கையைப் பிடியுங்கள். வளைவுகளில் மரக்கிளை கண்ணாடியில் அடிக்கும், ஒரு திருப்பத்தில் குதிரைப் பந்தயத் திடல் கீழே விரியும், இன்னொன்றில் கடல்.

மேலே இறங்கியதும் எல்லோரும் கட்டணம் கட்டி ஏறும் கோபுரத் தளத்துக்குப் போவார்கள். நீங்கள் லுகார்ட் ரோடு என்ற நடைபாதையைக் கேட்டுப் பிடியுங்கள். ஏற்றம் இல்லாமல் மலையை வளைத்துப் போகும் பாதை. முழுச் சுற்று மூன்றரை கிலோமீட்டர், நிதானமாக ஒரு மணி நேரம். வழியில் நம் ஊர் ரப்பர் ஆல் ஒன்று விழுதுகளை இறக்கிப் பாதையைக் கவ்விக்கொண்டு நிற்கும். கால் மணி நேர நடையில் மரங்கள் விலகி முழு நகரமும் காலடியில் கிடக்கும்: கோபுரங்கள், துறைமுகம், அக்கரையில் கவுலூன், அதற்குப் பின்னால் மலைத்தொடர். காலையில் நீங்கள் டிராமில் போன கோட்டை விரலால் தொடரலாம். கோட்டுக்கு வடக்கே இருப்பதில் பெரும்பகுதி முன்பு நீர்.

இந்த அழகிய சரிவில் 1904 முதல் 1946 வரை சீனர்கள் குடியிருக்கத் தடை இருந்தது. சட்டம் போட்டே வைத்திருந்தார்கள். வேலைக்காரராக வரலாம், பல்லக்குத் தூக்கலாம், வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ கூடாது. வழிகாட்டிப் பலகைகளில் லுகார்ட் என்ற ஆளுநரின் பெயரைப் படிக்கிறவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

இறங்கும்போது பீக் டிராம் எடுத்துக்கொள்ளலாம். மாலை நான்கரை மணிக்குக் கீழே போக வரிசை குறைவாக இருக்கும். இருக்கைகள் மலையைப் பார்த்தபடி இருப்பதால் முதுகுப்புறமாகவே இறங்குவீர்கள். சரிவு செங்குத்தானது, பக்கத்துக் கட்டடங்கள் எல்லாம் சாய்ந்து நிற்பதாகத் தோன்றும்.

மேகம் இறங்கி மலையை மூடிவிட்டால் மேலே போய்ப் பயனில்லை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. அந்த மதியத்துக்குக் கவுலூன் பக்கம் இரண்டு இடங்கள். டைமண்ட் ஹில் மெட்ரோவுக்குப் பக்கத்தில் சி லின் பிக்குணி மடம். தாங் வம்சக் கட்டடக்கலையில் ஆணி அடிக்காமல் மரத்தோடு மரத்தைக் கோத்துக் கட்டியது. எதிரே நான் லியன் தோட்டம், உள்ளே நல்ல விரத உணவகம். சைவர்கள் மழை இல்லாவிட்டாலும் போகலாம்.

இன்னொன்று ஷாம் ஷுய் போவில் மெய் ஹோ ஹவுஸ். 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மெய் குடிசைப் பகுதி தீப்பிடித்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்தார்கள். சீனாவிலிருந்து தப்பி வந்த அகதிகள். அவர்களுக்காக அரசு கட்டிய முதல் அடுக்குமாடிகளில் மிஞ்சியது இது ஒன்றே. பெரியவர் ஒருவருக்கு ஒதுக்கியது 24 சதுர அடி. ஒரு கட்டிலும் அதற்குப் பக்கத்தில் நிற்க இடமும், அவ்வளவுதான். குழாயும் கழிப்பறையும் பொது. இன்று ஊரில் 40 சதவீதத்துக்கு மேற்பட்டவர்கள் அரசு வாடகை வீடுகளிலோ மானிய வீடுகளிலோ வாழ்கிறார்கள். அதெல்லாம் இங்கே தொடங்கியது. உள்ளே இலவச அருங்காட்சியகம் உண்டு, திங்களன்று விடுமுறை. மலைக்காட்சியைவிட இது ஒருபடி மேல் என்று நினைப்பவர்கள் உண்டு, நானும் அப்படி நினைத்ததுண்டு.

படகுத்துறை வரை

மலையடியிலிருந்து துறைமுகத்துக்கு நடந்தே போகலாம். வழியில் ஐ. எம். பே வடிவமைத்த சீன வங்கிக் கோபுரம், அடுத்து நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985-இல் முடிந்த ஹாங்காங் ஷாங்காய் வங்கி. அதன் வாசலில் இரண்டு வெண்கலச் சிங்கங்கள், 1935-இல் வைத்தவை. ஜப்பானியர் ஆட்சியில் உருக்குவதற்காக ஜப்பானுக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்த பிறகு தேடிக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். வாயைத் திறந்து கர்ஜிக்கும் சிங்கத்தின் உடம்பில் போரில் பட்ட குண்டுச் சிதறல் தழும்புகளைக் கையால் தொட்டுப் பார்க்கலாம்.

நீங்கள் போவது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் இந்த வங்கிக்கு அடியிலும் சுற்றியுள்ள மேம்பாலங்களிலும் ஆயிரக்கணக்கான பெண்கள் அட்டையை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். பிலிப்பைன்ஸிலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த வீட்டுப் பணியாளர்கள். இந்த ஊரில் மூன்று லட்சத்துக்கும் மேல் இருக்கிறார்கள். முதலாளி வீட்டிலேயே தங்க வேண்டும் என்பது சட்டம். வாரத்தில் ஒரு நாள் விடுப்பு, போக வேறிடம் இல்லை. பகிர்ந்து சாப்பிடுவார்கள், முடி வெட்டிக்கொள்வார்கள், ஊருக்கு வீடியோவில் பேசுவார்கள், பாடுவார்கள். அது அவர்கள் வீட்டுக் கூடம் என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள். படம் எடுக்காதீர்கள்.

ஸ்டார் ஃபெர்ரி

ஏழாம் எண் படகுத்துறைக்குப் பொழுது சாயும் நேரத்தில் வந்து சேருமாறு கணக்குப் போடுங்கள். டிசம்பரில் சூரியன் 5.40-க்கு முன்பின் மறையும், ஜூலையில் 7.10 வாக்கில். இந்தப் படகு நிறுவனத்தைத் தொடங்கியவர் ஓர் இந்தியர்: டோராப்ஜி நவ்ரோஜி என்ற பார்சி, 1888-இல். படகுகள் எல்லாவற்றுக்கும் நட்சத்திரப் பெயர்கள். 1966-இல் முதல் வகுப்புக் கட்டணத்தில் ஐந்து சென்ட் ஏற்ற முயன்றதற்கு ஓர் இளைஞர் அன்றைய படகுத்துறையில் உண்ணாவிரதம் உட்கார, அது பல இரவுகள் நீண்ட கலவரமாக வளர்ந்தது. இந்தப் படகு ஊருக்கு எவ்வளவு முக்கியம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். இன்றும் ஏழெட்டு டாலருக்குள் அக்கரை சேரலாம்.

ஏறியதும் மர இருக்கையின் சாய்மானத்தைத் தள்ளிப் பாருங்கள், மறுபக்கம் புரளும். படகு திரும்பாமலே இரண்டு திசையிலும் போவதால் இந்த ஏற்பாடு. கரை நெருங்கும்போது நீலச் சீருடைப் பணியாளர் தடித்த கயிற்றை வீசுவார், துறையில் நிற்பவர் நீண்ட கொக்கியால் அதைப் பிடித்துக் குமிழில் சுற்றுவார், பலகை டமாரென்று இறங்கும். கடக்க எட்டுப் பத்து நிமிடம். முன்பு கூடுதலாக ஆகும். கரை முன்னேற முன்னேறத் துறைமுகம் குறுகிவிட்டது. 1997-இல் துறைமுகத்தைக் காக்கச் சட்டமே போட்டார்கள். அப்படியும் 2006-இல் பழைய படகுத்துறையை இடித்து, தூர்த்த நிலத்தின் விளிம்புக்குத் தள்ளிவைத்ததுதான் இந்த ஏழாம் எண் துறை. அதை எதிர்த்து மக்கள் போராடினார்கள்.

கவுலூன்: இரவு

அக்கரையில் இறங்கியதும் 44 மீட்டர் உயரக் கடிகாரக் கோபுரம். 1915-இல் எழுந்தது, சீனாவுக்குப் போகும் ரயிலின் முனையம் இங்கே இருந்தது, நிலையத்தை இடித்துவிட்டார்கள், கோபுரம் மிஞ்சியது. கரையோர நடைபாதையில் இடம் பிடித்து எதிரே தீவில் விளக்குகள் ஏறுவதைப் பாருங்கள். எட்டு மணிக்கு ஒளிக்காட்சி என்று கூட்டம் சேரும். என்னைக் கேட்டால் அதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் நேர்த்தி, வானத்தில் இன்னும் நீலம் இருக்கையில். ஒளிக்காட்சிக்கென்று காத்திருக்க வேண்டாம்.

இரவு உணவுக்கு நாதன் ரோடில் சுங்கிங் மேன்ஷன்ஸ். 1961-இல் கட்டிய 17 மாடி. வாசலில் கைக்கடிகாரமும் தையலும் விற்கிறவர்கள் மொய்ப்பார்கள். நிற்காமல் நடந்தால் போதும். உள்ளே பாகிஸ்தானியர், நேபாளிகள், வங்காளிகள், ஆப்பிரிக்க வணிகர்கள், நம்மவர்கள். பிரியாணி, சப்பாத்தி, சமோசா, ஏலக்காய் டீ எல்லாம் கிடைக்கும். பணம் மாற்ற வேண்டுமென்றால் வாசல் கடையில் மாற்றாமல் உள்ளே போய் இரண்டு மூன்று இடம் விசாரியுங்கள். பக்கத்தில் கவுலூன் பள்ளிவாசல். இந்திய முஸ்லிம் சிப்பாய்களுக்காக 1896-இல் தொடங்கியது, இன்றைய வெண்கட்டடம் 1984. ரத்தினக்கல் வியாபாரத்துக்காகக் காயல்பட்டினத்துக்காரர்கள் இந்தப் பகுதிக்கு வந்து தலைமுறைகளாக இருக்கிறார்கள். பள்ளிவாசல் பக்கம் தமிழ் காதில் விழுந்தால் ஆச்சரியப்படாதீர்கள். சற்றுத் தள்ளி மோடி ரோடு. ஹாங்காங் பல்கலைக்கழகம் கட்டப் பணம் கொடுத்த ஹொர்முஸ்ஜி மோடி என்ற பார்சியின் பெயர் அது.

தெம்பு இருந்தால் ஜோர்டான் வரை நடந்து டெம்பிள் தெரு இரவுச் சந்தை. சாமான்கள் எங்கும் கிடைப்பவைதான்; ஜோசியர்களையும் சீன நாடகப் பாட்டுப் பாடுகிறவர்களையும் பார்க்கப் போகலாம்.

திரும்புதல்

இப்போது ரயில். கவுலூன் நிலையத்திலிருந்து விமான நிலைய விரைவு ரயில் நள்ளிரவு தாண்டும் வரை ஓடும். அதையும் விட்டுவிட்டால் நாதன் ரோடிலிருந்து இரவு பஸ் உண்டு. புறப்படும் நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்பு விமான நிலையத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். சாமான் காப்பகத்தில் பெட்டியை எடுக்கவும் கொஞ்ச நேரம் ஒதுக்குங்கள். விமான மாற்றம் பத்து மணி நேரத்துக்குக் குறைவு என்றால் மலையையும் கவுலூன் இரவையும் வெட்டிவிட்டு, ஏ11 பஸ், மான் மோ, டிராம், படகு என்று நிறுத்திக்கொண்டு, அக்கரையிலிருந்து ரயிலில் திரும்பிவிடுங்கள்.

ஆக்டோபஸ் கார்டை விமான நிலையக் கவுன்டரில் கொடுத்தால் சிறு கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தந்துவிடுவார்கள். இன்னொரு முறை இந்த வழியாகப் போகும் வாய்ப்பு இருந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அடுத்த தடவை இறங்கியதும் நேராகப் பஸ்ஸில் ஏறலாம்.